பல்பீர் சிங் சீனியர்: போலீஸ்காரரான கல்லூரி ஹாக்கி கேப்டன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்பீர் சிங் பெயரை எடுத்தாலே பலர் முதலில் கேட்பது, அவரைக் கைவிலங்கு மாட்டிப் போலீஸில் சேர்த்த கதையைத்தான். அதற்கான பதில் கொஞ்சம் கீழே இருக்கிறது. அதற்கு முந்தைய கேள்விகளைத் தாண்டிப் போகலாம், ஆனால் அவருடைய அப்பா யார் என்று தெரியாமல் அந்தக் கதையைப் படித்தால் பாதிதான் புரியும்.

பல்பீர் சிங் சீனியர் யார்?

1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிகளின் சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவர். ஹெல்சிங்கியில் துணை கேப்டன், மெல்போர்னில் கேப்டன். இந்த மூன்று தங்கமும் பஞ்சாப் போலீஸில் வேலை பார்த்த காலத்தில் வந்தவை. பிறந்தது 1923 டிசம்பர் 31, ஜலந்தர் மாவட்டத்தில் உள்ள ஹரிபூர் கால்சா கிராமம். 2020 மே 25 அன்று மொகாலியில், 96 வயதில் காலமானார்.

பெயருக்குப் பின்னால் ஏன் 'சீனியர்'?

இந்திய ஹாக்கியில் பல்பீர் சிங்குகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் ஆடிய இன்னொரு பல்பீருக்கு 'ஜூனியர்' என்ற ஒட்டு விழுந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் ஒரே நேரத்தில் மூன்று பல்பீர் சிங்குகள் இருந்தார்கள். ஒருவர் பஞ்சாப் போலீஸ், ஒருவர் ரயில்வே, ஒருவர் ராணுவம். வர்ணனையாளர்கள் என்ன பாடுபட்டிருப்பார்களோ!

அந்த மெக்சிகோ அணியின் போலீஸ்காரர் பல்பீர் சிங் குல்லர், சன்சார்பூரைச் சேர்ந்தவர், டி.ஐ.ஜி. பதவி வரை உயர்ந்தவர். அவரும் 2020-இலேயே காலமானார். அதனால் 'ஒலிம்பிக் பதக்கம் வென்ற போலீஸ் அதிகாரி பல்பீர் சிங்' என்று எழுதும்போது இருவரையும் குழப்பிக்கொள்வது சகஜமாகிவிட்டது. இந்தப் பக்கம் சீனியரைப் பற்றியது.

கல்லூரி ஹாக்கிக்கு எப்படி வந்தார்?

அப்பா தலீப் சிங் தோசாஞ்ச் சுதந்திரப் போராட்டக்காரர். ஆங்கிலேய அரசின் சிறைக்குப் போய்வந்தவர். குடும்பம் மோகாவில் இருந்தது. பையன் சிறு வயதில் நின்றது கோல்கீப்பராக. பிறகு பின்கள ஆட்டக்காரர், அதன் பிறகுதான் முன்களம். கோல் விடாமல் காப்பதில் தொடங்கி, கோல் போடுவதில் உலகப் புகழ் பெற்றவர் என்பது வேடிக்கைதான்.

லாகூரில் சீக்கிய தேசியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அமிர்தசரஸ் கால்சா கல்லூரியின் ஹாக்கி பயிற்சியாளர் ஹர்பைல் சிங் கண்ணில் பட்டார். அப்புறம் ஹர்பைல் விடவில்லை. கால்சா கல்லூரிக்கு மாறிவிடு என்று பையனை வற்புறுத்தினார். கடைசியில் வீட்டிலும் சம்மதித்தார்கள். 1942-இல் பல்பீர் அமிர்தசரஸுக்கு மாறினார்.

இந்த ஹர்பைல் சிங்கை மறந்துவிட வேண்டாம். பின்னாளில் 1952, 1956 ஒலிம்பிக் அணிகளின் பயிற்சியாளரும் இவரே. ஒரு கல்லூரிப் பயிற்சியாளரும் அவர் தேடிப் பிடித்த மாணவரும் சேர்ந்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வரை போனது சாதாரண விஷயம் அல்ல. ஹாக்கி மேதை தியான் சந்த் பெயரைச் சொல்பவர்களில் பத்தில் ஒருவருக்காவது ஹர்பைல் பெயர் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

கேப்டனாக என்ன சாதித்தார்?

பஞ்சாப் பல்கலைக்கழக அணிக்குத் தலைமை தாங்கி 1943, 1944, 1945 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அன்றைய பஞ்சாப் பல்கலைக்கழகம் லாகூரைத் தலைமையிடமாகக் கொண்டது. பிரிக்கப்படாத பஞ்சாபின் கல்லூரிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த அணியில் இடம் பிடிப்பதே பெரும்பாடு.

சரி, கைவிலங்கு மாட்டித்தான் போலீஸில் சேர்த்தார்களா?

ஆமாம். இந்தக் கதையைச் சொன்னவர் பல்பீரேதான். பேட்டிகளில் பல முறை சொல்லியிருக்கிறார்.

பல்கலைக்கழக அணி பட்டம் மேல் பட்டம் வாங்கியதும் பஞ்சாப் போலீஸின் பார்வை அவர் மேல் விழுந்தது. தங்கள் அணிக்கு ஆட வரச் சொன்னார்கள். அவருக்கோ போலீஸ் என்றாலே ஆகாது. அப்பாவைப் பிடித்துச் சிறைக்குக் கொண்டுபோன உடுப்பு அது. அதைத் தானே மாட்டிக்கொள்வதா? தப்பித்தால் போதும் என்று டெல்லிக்குப் போய், மத்தியப் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே ஆடத் தொடங்கிவிட்டார்.

போலீஸ் தேடிக்கொண்டு டெல்லிக்கே வந்தது. கையில் விலங்கு மாட்டி ஜலந்தருக்குக் கொண்டுபோய், பஞ்சாப் போலீஸின் தலைமை அதிகாரியான சர் ஜான் பென்னட் முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் அணிக்கு ஆடு, இல்லையென்றால் உள்ளே போ என்பதுதான் பேச்சின் சாரம். சேர்ந்தார். முதல் பதவி ஏ.எஸ்.ஐ., அதாவது உதவி சப்-இன்ஸ்பெக்டர்.

பல்பீர் வயதான காலத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னதால், நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தக் குற்றமும் செய்யாத ஒரு வாலிபரை, பந்தை நன்றாக அடிக்கிறார் என்பதற்காக விலங்கு மாட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் காலப் போலீஸுக்கு அது ஒரு விளையாட்டான காரியமாகத் தெரிந்திருக்கிறது என்பதே அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. அந்த வேலையால் பின்னால் நன்மை விளைந்தது உண்மை. அதற்காக வந்த வழி சரியாகிவிடாது.

ஒரு ஹாக்கிக்காரருக்காகப் போலீஸ் ஏன் இவ்வளவு பாடுபட்டது?

அன்று தொழில்முறை ஹாக்கி என்று ஒன்று கிடையாது. ஆடுவதற்குச் சம்பளம் இல்லை. படிப்பு முடிந்ததும் ஆட்டக்காரருக்குச் சோறு போட்டது ராணுவம், ரயில்வே, போலீஸ் மாதிரியான துறைகள்தான். துறைகளுக்குள் கடும் போட்டி. கோப்பை வென்றால் மேலதிகாரிக்குப் பெருமை, துறைக்குப் பெயர். நல்ல சென்டர் ஃபார்வர்டைப் பக்கத்து மாநிலத்துக்கோ வேறு துறைக்கோ விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. தியான் சந்த் ராணுவ வீரர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு புரியும்.

ஆட்டக்காரருக்கும் இதில் லாபம் இருந்தது. மாதச் சம்பளம், ஆடப் போக விடுப்பு, வயதான பிறகும் நிற்க ஓர் இடம். பல்பீர் 32 வயதில் ஒலிம்பிக் கேப்டனாக ஆட முடிந்ததற்குப் போலீஸ் வேலையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பிரிவினை அவருடைய ஆட்டத்தை எப்படிப் பாதித்தது?

1947-இல் தேசியப் பட்டம் வென்ற பஞ்சாப் அணியில் பல்பீர் சென்டர் ஃபார்வர்டு. கேப்டன் ஏ.ஐ.எஸ். தாரா, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர். பிரிக்கப்படாத பஞ்சாப் வென்ற கடைசிப் பட்டம் அது. அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்கு அதே தாரா போனார், ஆனால் பாகிஸ்தான் கேப்டனாக. ஒரே அணியில் பந்து கொடுத்து வாங்கியவர்கள் ஓராண்டுக்குள் இரண்டு நாட்டுக்காரர்கள்.

பல்பீருக்குத் திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. மனைவி சுசீல் லாகூர் மாடல் டவுனைச் சேர்ந்தவர். பிரிவினைக்குப் பிறகு குடும்பம் லூதியானாவில், போலீஸ் பணியும் அங்கேயே. பஞ்சாப் பற்றி எரிந்த நாட்களில் போலீஸ் உடுப்பில் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1948 லண்டனில் அவரை ஏன் உட்கார வைத்தார்கள்?

இதுதான் அவர் வாழ்க்கையிலேயே ஆத்திரமூட்டும் பகுதி. பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில், ஒலிம்பிக் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்ட உத்தேசப் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வென்ற டிக்கி கார், இவரை எப்படி விட்டீர்கள் என்று கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். அணியில் இடமும் கிடைத்தது.

லண்டனில் முதல் ஆட்டம் ஆஸ்திரியாவுடன். பல்பீர் வெளியே. அடுத்து அர்ஜென்டினா. ஆட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை என்பதால் இவரை இறக்கினார்கள். இந்தியா 9–1 என்று வென்றது, ஆறு கோல் இவருடையது. சரி, இனி இடம் உறுதி என்று யாரும் நினைப்போம் அல்லவா? ஸ்பெயினுடன் நடந்த அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் வெளியே. நெதர்லாந்துடனான அரையிறுதியில் பட்டியலில் பெயர் இருந்தும் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள்.

லண்டனில் இருந்த இந்திய மாணவர்கள் பொறுக்க முடியாமல், அன்றைய இந்திய ஹைகமிஷனர் வி.கே. கிருஷ்ண மேனனிடமே போய் முறையிட்டார்கள். இறுதிப் போட்டிக்கு பல்பீர் களமிறங்கினார். 1948 ஆகஸ்ட் 12, வெம்ப்ளி அரங்கம், எதிரே பிரிட்டன். முதல் இரண்டு கோலும் பல்பீர் போட்டவை. முடிவு 4–0.

பிரிட்டன் 1908, 1920 ஒலிம்பிக்குகளில் ஹாக்கித் தங்கம் வென்ற அணி. ஆனால் இந்தியா தங்கம் வாங்கிய 1928, 1932, 1936 மூன்றிலும் அவர்கள் ஹாக்கி ஆட வரவே இல்லை. ஆக, இரு நாடுகளும் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தது இந்த இறுதிப் போட்டியில்தான். சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்பு. பிரிட்டிஷ் சிறையில் இருந்த ஒருவரின் மகன், பிரிட்டிஷ் அதிகாரி முன் விலங்கோடு நின்றவர், லண்டனில் அவர்கள் கொடிக்கு மேலே நம் கொடி ஏறுவதைப் பார்த்தார்.

ஹெல்சிங்கியில் ஐந்து கோல் போட்டது இன்னும் சாதனையா?

ஆமாம். 1952 இறுதியில் நெதர்லாந்தை இந்தியா 6–1 என்று வென்றது. அதில் ஐந்து பல்பீர் அடித்தவை. ஆண்கள் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் போட்டியில் ஒருவர் போட்ட அதிகபட்ச கோல் இதுதான். அதற்கு முன் 1908 இறுதியில் இங்கிலாந்தின் ரெஜி பிரிட்மோர் நான்கு கோல் போட்டிருந்தார்.

அரையிறுதியில் பிரிட்டனை 3–1 என்று வென்றபோது மூன்றும் பல்பீர் கணக்கு. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட 13 கோலில் 9 அவருடையது. தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திப் போனதும் அவர்தான். நான்கு வருடம் முன்பு உத்தேசப் பட்டியலில்கூட இடம் பெறாதவர்!

உடைந்த விரலோடு இறுதிப் போட்டியில் ஆடியது எப்படி?

1956 மெல்போர்ன். கேப்டன் பல்பீர். முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானை 14–0 என்று அடித்தார்கள். ஐந்து கோல் போட்ட பல்பீருக்கு அதே ஆட்டத்தில் வலது கை விரல் எலும்பு முறிந்துபோனது. இது எதிரணிகளுக்குத் தெரிந்தால், அவரைக் காவல் காக்க ஆள் தேவையில்லை என்று மற்றவர்களை நெருக்கிவிடுவார்கள். அதனால் விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கி வைத்தார்கள். அடுத்த இரண்டு லீக் ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அமெரிக்காவை 16–0, சிங்கப்பூரை 6–0 என்று மற்றவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அரையிறுதிக்கு ஜெர்மனி. திரும்ப வந்தார். 1–0 வெற்றி. இறுதியில் பாகிஸ்தான். கையில் கட்டு, வலி தெரியாமல் இருக்க ஊசி. அதோடு இறங்கினார். ரந்தீர் சிங் ஜென்டில் பெனால்டி கார்னரில் (எதிரணியின் தவறுக்காகக் கோலுக்கு அருகே கிடைக்கும் அடி வாய்ப்பு) போட்ட ஒரே கோலில் இந்தியா வென்றது. கேப்டன் கோல் எதுவும் போடவில்லை. போடும் நிலையிலும் கை இல்லை. ஆனால் எதிரணியின் பின்களத்தில் இரண்டு பேர் அவரையே ஒட்டிக்கொண்டு நின்றார்கள் என்றால், அவர் அங்கே இருந்ததன் பலன் அதுவே.

அந்த ஒலிம்பிக்கில் இந்தியா 38 கோல் போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. பல்பீர் இல்லாத நேரத்தில் கோல் மழை பொழிந்தவர் உதம் சிங், மொத்தம் 15 கோல். கோல்கீப்பர் சங்கர் லட்சுமண். இவர்களை விட்டுவிட்டு மெல்போர்னை 'பல்பீரின் ஒலிம்பிக்' என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

ஒலிம்பிக்கில் மொத்தம் எத்தனை கோல்?

8 ஆட்டம், 22 கோல். லண்டனில் 2 ஆட்டத்தில் 8, ஹெல்சிங்கியில் 3 ஆட்டத்தில் 9, மெல்போர்னில் 3 ஆட்டத்தில் 5.

தியான் சந்தைவிடப் பெரிய ஆட்டக்காரரா?

இருவரும் ஆளுக்கு மூன்று தங்கம். ஆடிய பாணி வேறு. தியான் சந்த் பந்தைக் குச்சியோடு ஒட்டவைத்துக் கொண்டுபோனவர். பல்பீரோ பந்து கிடைத்ததும் சட்டென்று கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் நுழைந்து அடித்துவிடுபவர். அழகைக் கேட்டால் தியான் சந்த். இறுதிப் போட்டியில் எனக்கு ஒரு கோல் வேண்டும் என்றால் பல்பீரைத்தான் கூப்பிடுவேன். மூன்றாவது தரப்பாக உதம் சிங்கைச் சொல்பவர்களும் உண்டு, அவர்களிடம் வாதாட என்னிடம் தெம்பு இல்லை.

போலீஸ் வேலையை எப்போது விட்டார்?

1961-இல். பஞ்சாப் முதலமைச்சர் பிரதாப் சிங் கைரோன் அவரை விளையாட்டுத் துறைப் பக்கம் கூட்டிப் போனார். பிறகு மாநில விளையாட்டுத் துறையின் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றார்.

அவர் பாதையைக் கவனித்தால் ஒன்று தெரியும். அமிர்தசரஸுக்கு ஹர்பைல், போலீஸுக்கு பென்னட், லண்டன் அணிக்கு டிக்கி கார், விளையாட்டுத் துறைக்கு கைரோன். ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் வந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர்தான் விலங்கோடு வந்தார்.

1975 உலகக் கோப்பையில் அவர் பங்கு என்ன?

கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பை வென்றபோது அணியின் மேலாளர் பல்பீர். கேப்டன் அஜித்பால் சிங். ஹாக்கி சம்மேளனத்தில் சண்டை உச்சத்தில் இருந்ததால், அணியைத் தயார் செய்யும் பொறுப்பைப் பஞ்சாப் அரசு ஏற்றது. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழக வளாகத்தில் முகாம். முகாம் நடந்த நாட்களில் பல்பீரின் அப்பா காலமானார். காரியத்துக்குப் போய்விட்டு உடனே முகாமுக்குத் திரும்பிவிட்டார்.

அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்கும் நிலை. அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்ய, இந்தியா 3–2 என்று தப்பியது. இறுதியில் பாகிஸ்தானை 2–1 என்று வென்றது. அசோக் குமார் போட்டது வெற்றி கோல். அவர் தியான் சந்தின் மகன்.

ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையை இந்தியா வென்றது அந்த ஒரு முறைதான்.

அவருடைய பதக்கங்கள் தொலைந்துபோனது உண்மையா?

வருத்தப்பட வேண்டிய உண்மை. 1985-இல், தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் வரப்போகிறது என்று நம்பி, 36 பதக்கங்களையும் மெல்போர்ன் ஒலிம்பிக் பிளேசரையும் ஏராளமான படங்களையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். அருங்காட்சியகம் வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கையொட்டி நடந்த கண்காட்சிக்கு, உலக அளவில் தேர்ந்தெடுத்த 16 ஒலிம்பிக் நாயகர்களில் ஒருவராக இவரையும் சேர்த்தார்கள். அதற்காகப் பொருட்களைத் திரும்பக் கேட்டபோதுதான் அவை காணவில்லை என்று தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டும் பலன் இல்லை. மூன்று ஒலிம்பிக் தங்கத்தையும் அவர் கொடுக்காமல் வீட்டில் வைத்திருந்ததால் அவை தப்பின. ஒரு முன்னாள் போலீஸ்காரரின் உடைமைகள் அரசாங்க அலுவலகத்திலேயே காணாமல் போய், கடைசிவரை துப்பு கிடைக்கவில்லை.

என்ன விருதுகள்?

1957-இல் பத்மஸ்ரீ. விளையாட்டுத் துறையிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் இவரே என்பார்கள். 2015-இல் ஹாக்கி இந்தியாவின் வாழ்நாள் சாதனையாளர் விருது. பாரத ரத்னா கொடுக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மொகாலி ஹாக்கி அரங்கத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போதும் ஹாக்கி வீரர்கள் போலீஸில் சேர்கிறார்களா?

பஞ்சாபில் அது ஓயவே இல்லை. பெனால்டி கார்னர் நிபுணர் ஜுக்ராஜ் சிங், முன்னாள் கேப்டன் ராஜ்பால் சிங், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியின் கேப்டன் மன்பிரீத் சிங், பாரிஸ் வெண்கல அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் எல்லோரும் பஞ்சாப் போலீஸில் டி.எஸ்.பி. பதவி பெற்றவர்கள். பல்பீர் ஏ.எஸ்.ஐ.யாகத் தொடங்கியதை நினைத்தால் நல்ல முன்னேற்றம்தான்.

தமிழ்நாட்டில் கல்லூரி ஹாக்கி ஆடுபவர் போலீஸ் வேலைக்கு முயற்சி செய்யலாமா?

தாராளமாக. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வுகளில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கல்லூரி அணிக்கு ஆடியது மட்டும் போதாது. பல்கலைக்கழகத்துக்காகவோ மாநிலத்துக்காகவோ நாட்டுக்காகவோ ஆடியிருக்க வேண்டும், அதற்கான சான்றிதழ் உரிய படிவத்தில் இருக்க வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வந்தபின் அந்தக் கையெழுத்துக்காக அலைவது பெரிய தொல்லை. படிக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவிலான போட்டிகள் கணக்கில் வரும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளவும்.